இடுப்பு மூட்டு உரசல்: ஸ்கேன்ல தெரியுறது எல்லாம் நோயா? எக்ஸ்ரே, சிடி, எம்ஆர்ஐ... எதை எப்போ எடுக்கணும்?

வாரக் கடைசியில் டர்ஃப் மைதானத்தில் ஃபுட்பால் ஆடுகிற 28 வயது இளைஞர் ஒருவரை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். சில மாதங்களாகவே அவருக்குத் தொடை இடுக்கில் வலி. காரில் இருந்து இறங்கும்போதும், ஷூ லேஸ் கட்டக் குனியும்போதும் சுளீர் என்கிறது. எம்ஆர்ஐ எடுக்கிறார். சாயங்காலமே மொபைலுக்கு ரிப்போர்ட் வந்துவிடுகிறது. ‘கேம் வகை எலும்பு மாற்றம், ஆல்பா கோணம் 64 டிகிரி, லேப்ரம் கிழிசல்’ என்று மூன்று விஷயங்கள். டாக்டரைப் பார்க்க இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. அதற்குள் இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு, ‘ஆபரேஷன் பண்ணலைன்னா சீக்கிரமே மூட்டு மாத்தணும் போல’ என்று அவரே முடிவுக்கு வந்துவிடுகிறார்.

ரிப்போர்ட்டில் இருக்கும் மூன்று விஷயமும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதை மட்டும் வைத்து அவருக்கு நோய் இருக்கிறது என்று சொல்ல முடியாது. அவரோடு அதே மைதானத்தில் ஆடுகிற, வலியே இல்லாத நண்பருக்கு ஸ்கேன் எடுத்தாலும் ஏறக்குறைய இதே ரிப்போர்ட் வர நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஹிப் இம்பிஞ்ச்மென்ட் எனப்படும் இடுப்பு மூட்டு உரசலைக் கண்டுபிடிப்பதில் இருக்கும் பெரிய சிக்கலே இதுதான்.

எந்த இடுப்பு?

தமிழில் முதல் குழப்பம் வார்த்தையிலேயே தொடங்கிவிடுகிறது. ‘இடுப்பு வலி’ என்று சொன்னால் பெரும்பாலானவர்கள் கை வைப்பது முதுகின் கீழ்ப் பகுதியில், பெல்ட்டுக்குப் பின்னால். அது முதுகுத்தண்டு இருக்கும் இடம். தொடை எலும்பு இடுப்பு எலும்போடு சேரும் மூட்டு அங்கே இல்லை. அது முன்பக்கம், தொடை இடுக்குக்குப் பின்னால் ஆழத்தில் இருக்கிறது.

அதனால் இந்த மூட்டில் பிரச்னை என்றால் வலி பெரும்பாலும் தொடை இடுக்கில்தான் தெரியும். சிலருக்கு இடுப்பின் பக்கவாட்டில், பின்புறத்தில், தொடையில், ஏன் முழங்காலில்கூடத் தெரியலாம். ‘எங்கே வலிக்குது?’ என்று கேட்டால் பலர் கட்டை விரலைப் பின்னாலும் மற்ற விரல்களை முன்னாலும் வைத்து, இடுப்பின் பக்கவாட்டை ஆங்கில ‘சி’ எழுத்து போலப் பிடித்துக் காட்டுவார்கள். டாக்டர்களுக்கு அதுவே ஒரு துப்பு.

‘இடுப்பு வலி’ என்று மட்டும் சொல்லி முதுகுத்தண்டுக்கு எம்ஆர்ஐ எடுத்து, அதில் டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருப்பது தெரிந்து, அதற்கே மாதக்கணக்கில் சிகிச்சை ஓடுவதும் நடக்கக்கூடியதுதான். டிஸ்க் பிதுக்கமும் வலி இல்லாதவர்களிடம் சர்வசாதாரணமாகக் காணப்படும் ஒன்று. எனவே டாக்டரிடம் வார்த்தையால் சொல்வதைவிட, வலிக்கும் இடத்தைக் கையால் தொட்டுக் காட்டுவது நல்லது.

உள்ளே என்னதான் உரசுது?

இடுப்பு மூட்டு ஒரு பந்து கிண்ண மூட்டு. தொடை எலும்பின் மேல் முனை பந்து, இடுப்பு எலும்பில் இருக்கும் குழி கிண்ணம். பந்துக்குக் கீழே எலும்பு கழுத்து போல ஒடுங்கியிருக்கும். கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றி லேப்ரம் என்ற மெத்தென்ற வளையம் இருக்கிறது. குக்கர் மூடியில் இருக்கும் கேஸ்கட் மாதிரி, மூட்டுக்குள் இருக்கும் திரவம் வெளியேறாமல் இது அடைத்துப் பிடிக்கிறது.

சிலருக்குப் பந்தும் கழுத்தும் சேரும் இடத்தில் ஒடுக்கம் இல்லாமல் எலும்பு சற்றுப் புடைத்திருக்கும். காலை மடக்கி உள்பக்கமாகத் திருப்பும்போது அந்தப் புடைப்பு கிண்ணத்துக்குள் நெருக்கிக்கொண்டு நுழையும். இது கேம் வகை. வேறு சிலருக்குப் பந்து சரியாக இருக்கும், கிண்ணத்தின் விளிம்புதான் தேவைக்கு மேல் நீண்டு மூடியிருக்கும். கழுத்து அதில் போய் இடிக்கும். இது பின்சர் வகை. இரண்டும் சேர்ந்தே இருப்பவர்களும் உண்டு. எதுவாக இருந்தாலும் திரும்பத் திரும்ப அடி வாங்குவது லேப்ரமும் அதை ஒட்டியுள்ள குருத்தெலும்பும்தான்.

இந்த உரசல் பிற்காலத்தில் மூட்டுத் தேய்மானத்துக்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்ற கருத்தை 2003-ல் வெளியான ஆய்வுக் கட்டுரை மூலம் பரவலாகக் கொண்டு சென்றவர், சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரைச் சேர்ந்த அறுவை சிகிச்சை நிபுணர் ரெய்ன்ஹோல்ட் கான்ஸ். ‘காரணம் தெரியாத தேய்மானம்’ என்று அதுவரை ஒதுக்கப்பட்ட பலரின் மூட்டுகளில் இப்படி ஒரு வடிவக் கோளாறு ஒளிந்திருக்கலாம் என்பதுதான் அவர் குழுவின் வாதம். அதன்பிறகு உலகம் முழுக்க ரேடியாலஜிஸ்ட்டுகள் இடுப்பு எக்ஸ்ரேயைப் பார்க்கும் கண்ணே மாறிவிட்டது. நுண்துளை அறுவை சிகிச்சைகளின் எண்ணிக்கையும் பல மடங்கு கூடியது.

முதல்ல எக்ஸ்ரே... ஆனா சரியா எடுக்கணும்

நேராக எம்ஆர்ஐக்குப் போவது பலருக்கும் பிடித்த வழி. ‘எப்படியும் அதைத்தானே எடுக்கச் சொல்லப் போறாங்க’ என்ற நினைப்பு. ஆனால் இந்தப் பிரச்னையில் சாதாரண எக்ஸ்ரேதான் முதல் படி. எலும்பின் வடிவம், மூட்டு இடைவெளி, தேய்மானம் ஆகிய மூன்றுக்கும் நிறைய பதிலை அதுவே கொடுத்துவிடும். சர்வதேச நிபுணர் குழுக்களின் பரிந்துரையும் அதுதான்.

எக்ஸ்ரே எப்படி எடுக்கப்பட்டது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வலிக்கும் பக்கத்தை மட்டும் ஒரு ஃபிலிமில் எடுத்தால் போதாது. இரண்டு இடுப்பு மூட்டுகளும் முழுசாகத் தெரியும்படி நேர்ப் படம் ஒன்று வேண்டும். படுத்திருப்பவரின் இடுப்பு லேசாக முன்னாலோ பின்னாலோ சாய்ந்திருந்தால், ஒரு பக்கம் திரும்பியிருந்தால், கிண்ணத்தின் விளிம்புகள் படத்தில் ஒன்றை ஒன்று குறுக்கே வெட்டுவது போலத் தெரியும். அதைப் பின்சர் வகை என்று எழுதிவிட வாய்ப்பு இருக்கிறது. உண்மையில் அங்கே கோளாறே இருக்காது, படுத்த விதம்தான் கோளாறு. வால் எலும்பின் நுனி, முன்பக்க எலும்பு இணைப்புக்கு நேர் மேலே சில சென்டிமீட்டர் தூரத்துக்குள் விழுகிறதா என்று பார்த்துத்தான் அந்தப் படம் அளவெடுக்கத் தகுதியானதா என்பதை முடிவு செய்வார்கள்.

இரண்டாவது, பக்கவாட்டுப் படம். இது ஏன் அவசியம் என்பதைக் கடிகாரத்தை வைத்துப் புரிந்துகொள்ளலாம். பந்தின் உச்சியை 12 மணி என்றும், முன்பக்கத்தை 3 மணி என்றும் வைத்துக்கொண்டால், கேம் புடைப்பு பெரும்பாலும் இருப்பது 1 மணிக்கும் 2 மணிக்கும் இடையில். நேர் எக்ஸ்ரே காட்டுவது 12 மணியை மட்டும்தான். நேர்ப் படம் நார்மலாக இருந்தும் புடைப்பு இருக்கலாம் என்பது இதனால்தான். ‘டன் வியூ’ என்ற முறையில், தொடையை 45 டிகிரி மடக்கி, கொஞ்சம் வெளிப்பக்கமாக விரித்து எடுக்கும் படத்தில் அந்த 1 மணி, 2 மணி பகுதி பிடிபடும். கூடுதலாக ஐந்து நிமிட வேலை. ஆனால் சீட்டில் அது எழுதப்படவில்லை என்றால் எக்ஸ்ரே அறையில் யாரும் தானாக எடுக்க மாட்டார்கள்.

ஆல்பா கோணம்: அந்த நம்பர் எங்கிருந்து வருது?

ரிப்போர்ட்டில் நோயாளிகள் அதிகம் பயப்படுவது இந்த எண்ணைப் பார்த்துத்தான். கணக்கு எளிமையானது. படத்தில் பந்தைச் சுற்றி ஒரு வட்டம் வரைவார்கள். வட்டத்தின் நடுவில் இருந்து கழுத்தின் நடு வழியாக ஒரு கோடு. எலும்பு வட்டத்தை விட்டு முதன்முதலில் வெளியே வரும் புள்ளிக்கு அதே நடுவில் இருந்து இன்னொரு கோடு. இரண்டுக்கும் இடைப்பட்டதுதான் ஆல்பா கோணம். எலும்பு புடைத்திருந்தால் வட்டத்தை விட்டுச் சீக்கிரமே வெளியேறும், கோணம் பெரிதாகும்.

2002-ல் நோட்ஸ்லி என்ற சுவிஸ் மருத்துவரின் குழு இதை முதலில் எம்ஆர்ஐ படங்களில் அளந்தது. உரசல் பிரச்னை உள்ள 39 பேரின் சராசரி 74 டிகிரி. பிரச்னை இல்லாத 35 பேரின் சராசரி 42 டிகிரி. வித்தியாசம் பளிச்சென்று தெரிந்ததால் உலகம் இந்த அளவைப் பிடித்துக்கொண்டது. எல்லைக்கோடு எது என்பதில் மட்டும் இன்றுவரை இழுபறிதான். ஒரு காலத்தில் 50, 55 டிகிரிக்கு மேல் போனாலே கேம் என்று எழுதினார்கள். இப்போது 60 டிகிரி என்ற அளவை நோக்கி நிபுணர்கள் நகர்ந்திருக்கிறார்கள். அதாவது அன்று ‘அசாதாரணம்’ என்று ரிப்போர்ட் வாங்கிய 57 டிகிரிக்காரர், எலும்பில் ஒரு மாற்றமும் இல்லாமலேயே இன்று ‘நார்மல்’ ஆகிவிடுவார்!

அளப்பவர் மாறினால் ஒரே படத்தில் சில டிகிரி வித்தியாசம் வருவதும் உண்டு. படம் எந்தக் கோணத்தில் எடுக்கப்பட்டது, கடிகாரத்தின் எந்த மணியில் அளந்தார்கள் என்பதைச் சொல்லாமல் ‘64 டிகிரி’ என்று மட்டும் எழுதினால் அந்த எண்ணுக்குப் பெரிய அர்த்தம் இல்லை.

இன்னொரு முக்கியமான அளவு, கிண்ணம் பந்தை எவ்வளவு தூரம் மூடியிருக்கிறது என்பதைச் சொல்லும் விபெர்க் கோணம். இது 40 டிகிரியைத் தொட்டால் பின்சர் என்று சந்தேகிப்பார்கள். 20 டிகிரிக்குக் கீழே போனால் கதையே வேறு. கிண்ணம் ஆழம் இல்லாத டிஸ்ப்ளேசியா அது. 20 முதல் 25 வரை இரண்டுங்கெட்டான் நிலை. டிஸ்ப்ளேசியா உள்ளவருக்கு உரசல் என்று நினைத்து விளிம்பைச் செதுக்கினால், ஏற்கெனவே பிடிமானம் குறைந்த மூட்டு மேலும் தளர்ந்துபோகும். இரண்டுக்கும் வலி ஒரே இடத்தில்தான். பிரித்துக் காட்டுவது ஒழுங்காக எடுத்த அந்த நேர் எக்ஸ்ரே.

எம்ஆர்ஐ: எடுத்தா மட்டும் போதாது

எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், கேஸ்கட் தெரியாது. லேப்ரம், குருத்தெலும்பு, எலும்புக்குள் இருக்கும் நீர்க்கோர்ப்பு ஆகியவற்றைப் பார்க்க எம்ஆர்ஐதான் வேண்டும். கதிர்வீச்சும் கிடையாது.

ஆனால் ‘இடுப்புப் பகுதி எம்ஆர்ஐ’ என்று பொதுவாக எடுப்பதும், ‘இடுப்பு மூட்டு எம்ஆர்ஐ’ எடுப்பதும் ஒன்றல்ல. முதலாவது வயிற்றின் கீழ்ப்பகுதி முழுவதையும் பெரிய அளவில் காட்டும். லேப்ரம் சில மில்லிமீட்டர் தடிமன் மட்டுமே கொண்டது. அதைப் பார்க்க, வலிக்கும் ஒரு மூட்டின் மேல் மட்டும் கவனத்தைக் குவித்து, நுணுக்கமான படங்கள் எடுக்க வேண்டும். கழுத்தை அச்சாக வைத்து, சைக்கிள் சக்கரத்தின் கம்பிகள் போலச் சுற்றிச் சுற்றி எடுக்கும் ‘ரேடியல்’ படங்களும் சேர்ந்திருந்தால் எந்த மணியில் புடைப்பு இருக்கிறது என்பதைத் தப்பாமல் சொல்லலாம்.

மூட்டுக்குள் ஊசி மூலம் மருந்துத் திரவம் செலுத்திவிட்டு எடுக்கும் எம்ஆர்ஐ ஆர்த்ரோகிராம் என்பது இன்னொரு முறை. திரவம் கிழிசலுக்குள் ஓடிப்போய் அதை வெளிச்சம் போட்டுக் காட்டும். பல ஆண்டுகளாக லேப்ரம் கிழிசலைக் காண இதைத்தான் சிறந்த முறையாகச் சொல்லி வந்தார்கள். இப்போது 3 டெஸ்லா இயந்திரங்கள் பரவலாகிவிட்டதால், நல்ல முறையில் எடுத்தால் ஊசி இல்லாமலேயே பலருக்கு வேலை முடிந்துவிடுகிறது. அருகில் இருக்கும் இயந்திரம் 1.5 டெஸ்லாவாக இருந்தால் அது வீண் என்று அர்த்தமில்லை. ஊசி முறை தேவைப்படலாம், அவ்வளவுதான்.

இதிலும் ஒரு கண்ணாமூச்சி இருக்கிறது. சிலருக்கு லேப்ரத்துக்கும் எலும்புக்கும் நடுவே பிறவியிலேயே ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். படத்தில் அது கிழிசல் போலவே தோன்றும். அனுபவம் உள்ள ரேடியாலஜிஸ்ட் இரண்டையும் பிரித்துச் சொல்வார். அவசரத்தில் எழுதிய ரிப்போர்ட்டில் பள்ளமும் கிழிசல் ஆகிவிடும்.

சிடி ஸ்கேன் யாருக்கு?

எல்லோருக்கும் தேவையில்லை. ஆபரேஷன் என்று ஏறக்குறைய முடிவான பிறகு, எந்த இடத்தில் எவ்வளவு எலும்பைச் செதுக்குவது என்று திட்டமிட முப்பரிமாணப் படம் உதவும். தொடை எலும்பு முறுக்கிக்கொண்டிருக்கும் அளவைப் பார்க்கவும் இது பயன்படும். புடைப்பை முழுசாகச் சீவிய பிறகும் சிலருக்கு வலி போகாததற்கு இந்த முறுக்கமும் ஒரு காரணம்.

கதிர்வீச்சு எக்ஸ்ரேயை விடப் பல மடங்கு அதிகம். படம் எடுக்கும் இடமோ இனப்பெருக்க உறுப்புகள் இருக்கும் பகுதி. உரசல் பிரச்னைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் இளம் வயதினர் என்பதால் இது அலட்சியம் செய்யக்கூடிய விஷயமல்ல. குறைந்த கதிர்வீச்சில் எடுக்கும் முறைகளும் வந்துவிட்டன. முறுக்கத்தை எம்ஆர்ஐயிலேயே அளக்கவும் முடியும். கர்ப்பமாக இருக்கும் வாய்ப்பு இருந்தால் எக்ஸ்ரேயோ சிடியோ எதுவானாலும் அறைக்குள் போகும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

அல்ட்ராசவுண்டின் பங்கு வேறு விதமானது. மூட்டு ஆழத்தில் இருப்பதால் அது உள்ளே முழுசாகக் காட்டாது. ஆனால் ஊசியைச் சரியான இடத்துக்கு வழிநடத்தும். மூட்டுக்குள் மரத்துப்போகும் மருந்தைச் செலுத்திவிட்டு, வலி வரும் அதே அசைவைச் செய்யச் சொல்வார்கள். வலி கணிசமாகக் குறைந்தால், வலி மூட்டுக்குள் இருந்துதான் வருகிறது என்பதற்கு அது வலுவான ஆதாரம். குறையவே இல்லை என்றால் தசை, குடலிறக்கம், முதுகுத்தண்டு என்று வேறு பக்கம் தேட வேண்டும். ஸ்கேன் படம் எவ்வளவு மோசமாக இருந்தாலும் சரி.

வலியே இல்லாதவங்களுக்கு ஸ்கேன் எடுத்தா?

இதைத்தான் ஆய்வாளர்கள் செய்து பார்த்தார்கள். கிடைத்த முடிவுகள் தலையைச் சுற்ற வைக்கும்.

2012-ல் அமெரிக்காவில் வெளியான ஒரு ஆய்வில், இடுப்பு மூட்டில் எந்த வலியும் இல்லாத 45 தன்னார்வலர்களுக்கு 3 டெஸ்லா எம்ஆர்ஐ எடுத்தார்கள். சராசரி வயது 38-ஐ ஒட்டி. 69 சதவீத மூட்டுகளில் லேப்ரம் கிழிசல் இருப்பதாக ரேடியாலஜிஸ்ட்டுகள் சொன்னார்கள். படத்தைப் பார்த்தவர்களுக்கு இவர்கள் வலி இல்லாதவர்கள் என்பது தெரியாது.

2015-ல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று, 26 ஆய்வுகளில் இருந்து வலி இல்லாத 2,114 இடுப்பு மூட்டுகளின் விவரங்களைத் திரட்டியது. 37 சதவீதத்தில் கேம் வடிவம் இருந்தது. விளையாட்டு வீரர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் அது 54.8 சதவீதம். மற்றவர்களிடம் 23.1 சதவீதம். பின்சர் 67 சதவீதம். எம்ஆர்ஐ எடுத்தவர்களில் லேப்ரம் பாதிப்பு 68 சதவீதம்.

மூன்றில் இரண்டு பேருக்கு இருக்கும் ஒன்றை ‘அசாதாரணம்’ என்று எப்படிச் சொல்வது? ரிப்போர்ட்டில் வரும் வார்த்தைகளுக்கு இருக்கும் பயமுறுத்தும் சக்தி, இந்த எண்களுக்கு முன்னால் பாதியாகக் குறைந்துவிடும்.

அதற்காக வடிவத்தைக் கண்டுகொள்ளாமலும் விட முடியாது. நெதர்லாந்தில் 45 முதல் 65 வயது வரையிலான 1,002 பேரை ஐந்து ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2013-ல் வெளியானது. எல்லோருமே இடுப்பு அல்லது முழங்கால் மூட்டில் ஆரம்பகட்ட வலி உள்ளவர்கள். ஆல்பா கோணம் 60-க்கு மேல் இருந்த மூட்டுகளில், கடுமையான தேய்மானத்துக்கான வாய்ப்பு சுமார் மூன்றரை மடங்கு. 83-க்கு மேல் போனால் ஒன்பது மடங்குக்கும் மேல். 83-க்கு மேல் கோணமும் இருந்து, காலை உள்பக்கம் திருப்புவதும் குறைந்துபோயிருந்தால், அந்த மூட்டுகளில் ஏறக்குறைய பாதி ஐந்து ஆண்டுக்குள் கடைசிக் கட்டத் தேய்மானத்துக்குப் போயின. மீதிப் பாதி போகவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். இன்னொன்று, இங்கே ஆபத்தை எடுத்துக் காட்டியது படம் மட்டுமல்ல. டாக்டர் கையால் திருப்பிப் பார்த்த சோதனையும்தான்.

கடைசிக் கட்டம் எப்படி இருக்கும் என்பதை டென்னிஸ் ரசிகர்கள் பார்த்திருப்பார்கள். 2019 ஜனவரியில் லண்டனில் இடுப்பு மூட்டில் உலோகம் பொருத்திக்கொண்ட ஆண்டி முர்ரே, தன் எக்ஸ்ரேயை இன்ஸ்டாகிராமில் போட்டார். அதே அக்டோபரில் ஆன்ட்வெர்ப் போட்டியில் கோப்பையும் வென்றார். ஆனால் எல்லோருக்கும் முர்ரே கதை நடக்காது. கேம் புடைப்பு உள்ள பெரும்பாலானவர்கள் அந்தக் கட்டத்தை எட்டுவதே இல்லை.

அப்போ நோய்னு எப்போ சொல்லலாம்?

இந்தக் குழப்பத்துக்கு ஒரு முடிவு கட்ட 2016-ல் பிரிட்டனின் வாரிக் பல்கலைக்கழகத்தில் பல நாட்டு நிபுணர்கள் கூடி ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள். அதன்படி மூன்றும் சேர்ந்திருந்தால்தான் அது நோய். ஒன்று, நோயாளிக்கு அதற்கேற்ற வலி இருக்க வேண்டும். இரண்டு, டாக்டர் சோதித்துப் பார்க்கும்போது அதற்கேற்ற அறிகுறி தெரிய வேண்டும். மூன்று, படத்தில் கேம் அல்லது பின்சர் வடிவம் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அந்தப் பெயரை வைக்கக் கூடாது.

இரண்டாவது விஷயம்தான் நடைமுறையில் அதிகம் விட்டுப்போகிறது. நோயாளியைப் படுக்கவைத்து, முழங்காலை மார்புப் பக்கம் மடக்கி, காலை நடுவுக்குக் கொண்டுவந்து உள்பக்கமாகத் திருப்பும் சோதனை ஒன்று உண்டு. ஒரு நிமிடம்கூட ஆகாது. இதில் வலி வரவில்லை என்றால் உரசல் இருக்க வாய்ப்பு குறைவு. வலி வந்தால் ‘இருக்கலாம்’ என்று மட்டுமே அர்த்தம், ஏனென்றால் மூட்டில் வேறு கோளாறு இருந்தாலும் இதில் வலிக்கும்.

அந்த ‘வேறு கோளாறு’ பட்டியலில் அலட்சியப்படுத்தக் கூடாதவை சில இருக்கின்றன. ரத்த ஓட்டம் குறைந்து தொடை எலும்பின் பந்து செத்துப்போகும் ‘ஏவிஎன்’ அதில் முதன்மையானது. ஸ்டீராய்டு மருந்து நீண்ட நாள் எடுத்தவர்கள், அதிகம் மது குடிப்பவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும். ஆரம்பத்தில் எக்ஸ்ரே நார்மலாகவே இருக்கும், எம்ஆர்ஐ மட்டும் காட்டிக்கொடுக்கும். ஓட்டப் பயிற்சியைத் திடீரென்று கூட்டியவர்களுக்கு தொடை எலும்புக் கழுத்தில் மயிரிழை விரிசல் வரலாம், அதுவும் அப்படித்தான். மூட்டில் காசநோய், முடக்குவாத வகைகளும் உண்டு. காய்ச்சல், உடல் எடை குறைவது, ராத்திரி தூக்கத்தில் எழுப்பும் வலி, காலை ஊன்றவே முடியாதது போன்றவை இருந்தால் எம்ஆர்ஐயைத் தள்ளிப்போடக் கூடாது. 10 முதல் 15 வயதுப் பிள்ளை நொண்டி நடந்து, முழங்கால் வலி என்று சொன்னாலும் இடுப்புக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். அந்த வயதில் பந்து வளர்ச்சித் தட்டில் இருந்து நழுவுவது அவசர சிகிச்சை தேவைப்படும் பிரச்னை.

ஆபரேஷனா, பிசியோதெரபியா?

பிரிட்டனில் 23 மருத்துவமனைகளில் 348 பேரிடம் நடந்த ‘ஃபேஷன்’ ஆய்வின் முடிவு 2018-ல் லான்செட் இதழில் வந்தது. ஒரு பிரிவுக்கு நுண்துளை அறுவை சிகிச்சை, இன்னொரு பிரிவுக்கு ஆளுக்கு ஏற்ற பிசியோதெரபி. 100 மதிப்பெண் அளவில் ஓராண்டு கழித்து ஆபரேஷன் பிரிவின் சராசரி 58.8, பிசியோதெரபி பிரிவு 49.7. தொடக்க நிலை வித்தியாசங்களைச் சரிசெய்த பிறகு ஆபரேஷனுக்குக் கூடுதலாக 6.8 மதிப்பெண். நோயாளிக்கு உணரத்தக்க மாற்றம் என்று வைத்திருந்த அளவு 6.1. அடுத்த ஆண்டே 222 பேரிடம் நடந்த ‘ஃபெய்ட்’ ஆய்விலும் ஆபரேஷன் பக்கமே முடிவு வந்தது, வித்தியாசம் 10 மதிப்பெண்.

ஆபரேஷன் பலன் தருகிறது என்பதை இதில் மறுக்க முடியாது. ஆனால் இந்த ஆய்வுகளில் சேர்ந்தவர்கள் ரிப்போர்ட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வந்தவர்கள் இல்லை. வலி, சோதனை, படம் எல்லாம் பார்த்து நிபுணர்கள் தேர்ந்தெடுத்தவர்கள். ‘ஃபேஷன்’ ஆய்வில் பிசியோதெரபி பிரிவும் முன்னேறியது. ஆபரேஷன் பிரிவின் 58.8 என்பதும் நூற்றுக்கு நூறு அல்ல. முதல் ஓராண்டைப் பார்த்தால் ஆபரேஷனுக்கு ஆன கூடுதல் செலவுக்கு ஏற்ற பலன் இல்லை என்பதையும் அந்த ஆய்வே பதிவு செய்திருக்கிறது.

மூட்டு இடைவெளி 2 மில்லிமீட்டருக்குக் கீழே குறைந்துவிட்டவர்களுக்கு நுண்துளை சிகிச்சையால் பலன் குறைவு. தேய்மானம் ஏற்கெனவே முன்னேறிவிட்ட பிறகு புடைப்பைச் சீவி என்ன பயன்? இதையும் சொல்வது அந்தப் பழைய நேர் எக்ஸ்ரேதான்.

விளையாடும் பிள்ளைகளுக்கு என்ன?

கேம் புடைப்பு பெரும்பாலும் பதின்ம வயதில், எலும்பின் வளர்ச்சித் தட்டு மூடும் முன் உருவாகிறது. சுவிட்சர்லாந்தில் கூடைப்பந்து ஆடும் இளைஞர்களிடமும், நெதர்லாந்தில் கால்பந்துப் பயிற்சி பெறும் சிறுவர்களிடமும் நடந்த ஆய்வுகள் இதைக் காட்டின. அந்த வயதில் ஓய்வே இல்லாத கடும் பயிற்சியால் எலும்பு தன்னைத் தானே தடிமனாக்கிக்கொள்கிறது என்பது இப்போதைய விளக்கம். வலி இல்லாத பிள்ளைகளுக்கு முன்கூட்டியே ஸ்கேன் எடுத்துப் பார்ப்பதால் லாபம் இருப்பதாக நிரூபணம் இல்லை. பயிற்சியாளர்கள் செய்யக்கூடியது, வாரத்தில் எத்தனை நாள், எத்தனை மணி நேரம் என்பதைக் கணக்கில் வைப்பதுதான்.

அந்த 28 வயது இளைஞர் இப்போ என்ன செய்யலாம்?

முதலில், டாக்டரிடம் ரிப்போர்ட் பேப்பரை மட்டும் கொண்டுபோகாமல் படங்கள் அடங்கிய சிடியையோ ஆன்லைன் லிங்க்கையோ கொண்டுபோக வேண்டும். கோணத்தை டாக்டரே அளந்து பார்க்க அது வேண்டும். இரண்டு மூட்டும் தெரியும் நேர் எக்ஸ்ரேயும் 45 டிகிரி பக்கவாட்டுப் படமும் எடுத்தாச்சா என்று கேட்கலாம். எடுக்கவில்லை என்றால் எம்ஆர்ஐ கையில் இருந்தாலும் எடுக்க வேண்டியதுதான்.

டாக்டர் காலை மடக்கித் திருப்பிப் பார்த்து, வலியும் படமும் ஒத்துப்போனால், பெரும்பாலும் முதலில் எழுதுவது பிசியோதெரபிதான். ‘ஃபேஷன்’ ஆய்வில் அது 12 முதல் 24 வாரங்களில் 6 முதல் 10 அமர்வுகளாக இருந்தது. பின்புறத் தசையையும் வயிற்றுத் தசையையும் பலப்படுத்துவது, வலி வரும் அளவுக்கு ஆழமாக மடக்குவதைக் கொஞ்ச நாள் தவிர்ப்பது, தாழ்வான சோஃபாவுக்குப் பதில் உயரமான நாற்காலி என்று அது போகும். அந்த வாரங்களில் டர்ஃப் பக்கம் போகலாமா என்பதை பிசியோதெரபிஸ்ட்டிடம்தான் கேட்க வேண்டும். முழு ஓய்வு எல்லோருக்கும் தேவைப்படுவதில்லை.

அதன்பிறகும் வலி மாறவில்லை என்றால், மூட்டுக்குள் போடும் அந்த மரத்துப்போகும் ஊசி அடுத்த கட்டம். அதில் வலி குறைந்து, எக்ஸ்ரேயில் மூட்டு இடைவெளியும் நன்றாக இருந்தால், அப்போது நுண்துளை அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசத் தொடங்கலாம்.